ஆல்மா தாமஸ்: காற்றையும் ஒளியையும் தீட்டிய ஓவிய ஆசிரியை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்மா தாமஸ் என்பவர் யார்?

ஆல்மா தாமஸ் (1891–1978) அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வாழ்ந்த கறுப்பின அருவ ஓவியர்; பொருள்களின் உருவத்தைக் காட்டாமல் வண்ணத்தையும் வடிவத்தையும் கொண்டே வரைபவர். அந்நகரின் அரசுப் பள்ளி ஒன்றில் சுமார் 35 ஆண்டுகள் ஓவியம் கற்பித்து 1960இல் ஓய்வு பெற்றார். இன்று உலகம் அவருடையவை என்று அடையாளம் காணும் ஓவியங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு, அவருடைய எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வரையப்பட்டவை.

அவருடைய ஓவியங்களில் மேகமோ மலையோ இல்லையே. பிறகு ஏன் அவற்றைக் காற்றோடும் வானிலையோடும் சேர்த்துப் பேசுகிறார்கள்?

முதற்காரணம் அவரே இட்ட பெயர்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் காகிதத்தில் வரைந்த சில ஓவியங்களுக்கு அவர் 'வளிமண்டல விளைவுகள்' என்று தலைப்பிட்டார். 'காற்று, வெயில், மலர்கள்' (1968), 'இலையுதிர்கால மலர்களூடே சலசலக்கும் தென்றல்' (1968), 'இளங்காற்றில் படபடக்கும் இலையுதிர்கால இலைகள்' (1973) ஆகிய தலைப்புகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. இவற்றில் ஒரு பூவையோ இலையையோ உருவமாகத் தேடினால் கிடைக்காது. பூவுக்கும் நமக்கும் நடுவே அசைகிற காற்றும், அந்த அசைவில் மாறிமாறி விழுகிற வெளிச்சமுமே அங்கே வரையப்பட்டிருக்கின்றன.

அதை அவர் சாதித்த விதம் கவனிக்கத்தக்கது. காற்றின் உணர்வைக் கொண்டுவர நினைக்கும் ஓவியர்கள் பொதுவாக விளிம்புகளைக் கரைப்பார்கள். ஒரு நிறத்தை அடுத்த நிறத்துக்குள் இழையவிட்டுப் பனிமூட்டம்போலப் பரப்புவார்கள். ஆல்மா தாமஸ் தம்முடைய முதிர்ந்த பாணியில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். விரல் நீளத்துக்குச் சற்றே கூடவோ குறையவோ அமைந்த தட்டையான வண்ணத் தீற்றல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டைகளாகவோ வளையங்களாகவோ அடுக்கினார். எந்தத் தீற்றலும் அடுத்ததோடு கலப்பதில்லை. இரண்டு தீற்றல்களுக்கு இடையே விடப்பட்ட சிறு இடைவெளியில் வெள்ளைத் தரையோ அடியில் பூசிய வேறொரு நிறமோ எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளிகள் ஒரே அளவில் இருப்பதில்லை, ஒரே நேர்கோட்டிலும் இருப்பதில்லை. ஆகவே கண் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பரப்பு முழுவதும் சிலிர்ப்பதுபோலத் தோன்றுகிறது. இந்த ஓவியங்களில் காற்று குடியிருப்பது வண்ணம் பூசப்பட்ட இடத்தைவிட அதிகமாகப் பூசப்படாத இடத்தில்தான் என்பது என் கருத்து. அவற்றின் அச்சுப் பிரதிகள் சப்பென்று தெரிவதற்கும் இதையே காரணமாகச் சொல்வேன்: சிறிய பிரதியில் முதலில் மறைவது அந்த இடைவெளிதான்.

இந்தப் பாணிக்கு அவர் எப்போது, எப்படி வந்து சேர்ந்தார்?

1966இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் அவருடைய படைப்புகளைத் திரட்டி ஒரு பின்னோக்குக் கண்காட்சி நடத்தியது. அதற்கு ஏற்பாடு செய்தவர் ஓவியரும் கலை வரலாற்றாசிரியருமான ஜேம்ஸ் போர்ட்டர். அப்போது தாமஸுக்கு வயது 74. மூட்டுவாதம் கடுமையாகி, இனி வரைய முடியுமா என்ற ஐயமும் இருந்தது. இருந்தும் அந்தக் கண்காட்சிக்கு, தாம் அதுவரை செய்திராத ஒன்றைத் தர வேண்டும் என்று அவர் விரும்பினார்.

வாஷிங்டனின் 15ஆம் தெருவில் இருந்த அவருடைய வீட்டின் முன்னறையில், வெளிப்புறமாகப் புடைத்த பெரிய சன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே ஹாலி மரம் ஒன்று நின்றது. சன்னல் கண்ணாடிகளின் வழியே அம்மரத்தின் இலைகள் வெளிச்சத்தில் இட்ட கோலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தமக்கான வழி கிடைத்தது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். முதலில் நீர்வண்ணத்தில் சிறு சோதனைகள், பிறகு கான்வாஸில் அக்ரிலிக் என்று வேலை வளர்ந்தது. 'உயிர்த்தெழுதல்' அந்த ஆண்டில் பிறந்ததே. ஏறத்தாழ மூன்றடிச் சதுரத்தில், நடுவிலிருந்து வெளிப்புறமாக வண்ண வளையங்கள் விரியும் ஓவியம் அது.

ஆயினும் அருவத்துக்கு அவர் 1966இல்தான் வந்தார் என்று எழுதுவது சரியாகாது. 1950களிலேயே உருவப் படங்களையும் அசையாப் பொருள் ஓவியங்களையும் விட்டு விலகி, அடர்ந்த நீலங்களும் பழுப்புகளும் கலந்த எண்ணெய் வண்ண அருவங்களை அவர் வரைந்துகொண்டிருந்தார். 1966இல் மாறியவை ஒளியும் ஒழுங்கும்.

தீற்றல்கள் இயல்பாக விழுந்தவையா, திட்டமிடப்பட்டவையா?

திட்டமிடப்பட்டவை. நேரில் நெருங்கிப் பார்த்தாலோ அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய படங்களை விரித்துப் பார்த்தாலோ, வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடுகள் ஓடுவது தெரியும். பட்டைகளின் எல்லைகளையும் வளையங்களின் சுற்றுகளையும் அவர் முன்கூட்டியே குறித்துக்கொண்டார். அதற்கும் முன்னால் காகிதத்தில் நீர்வண்ண முன்வரைவுகள் செய்து, சிலவற்றை வெட்டி ஒட்டி, எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்று பார்த்தார். ஜொஹானஸ் இட்டன் போன்றோரின் வண்ணக் கோட்பாடுகளையும் ஊன்றிப் படித்திருந்தார். ஆனால் கோடு போட்ட பிறகு கை அதற்கு அடிமையாகவில்லை. செங்குத்தாக இறங்கிவரும் ஒரு வரிசையில் ஒரு தீற்றல் சற்றே சாயும், அடுத்தது அகலும், அதற்கடுத்தது கோட்டைத் தாண்டி ஒரு நூலிழை வெளியே நிற்கும்.

தனிக் கலைக்கூடம் என்று அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. சமையலறையிலும் முன்னறையிலுமாகத்தான் வேலை செய்தார். மடியில் சாய்த்துக்கொண்டும் சோபாவில் முட்டுக்கொடுத்தும் பெரிய கான்வாஸ்களை முடித்தார்.

மூட்டுவாதத்தால்தான் அவர் குறுந்தீற்றல்களைக் கையாண்டார் என்று சொல்லப்படுவது உண்மையா?

நோய் இருந்தது உண்மை. அது வேலையின் வேகத்தையும் நிற்கும் நேரத்தையும் கட்டுப்படுத்தியிருக்கும் என்பதும் தெளிவு. ஆனால் நோயையே பாணிக்குக் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. கை நடுங்கியதால் தோன்றிய வடிவம் என்றால் பென்சில் கோடுகளுக்கும் முன்வரைவுகளுக்கும் தேவையே இருந்திராது. 1974இல் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் நெடுநாள் ஓவியத்தைவிட்டு விலகியிருந்த அவர், 1976இல் 'ராக் அண்ட் ரோல் இசைக்குப் பாடி ஆடும் சிவப்பு அசேலியாக்கள்' என்ற மூன்று பலகை ஓவியத்தைத் தந்தார். ஆறடி உயரமும் பதின்மூன்று அடி அகலமும் உடைய அதில் தீற்றல்கள் பழைய வரிசைகளை விட்டு விடுபட்டு, ஆப்புபோன்ற சிவப்புத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. உடல் தளர்ந்த காலத்தில் வேலை பெரிதாகியிருக்கிறது, துணிந்திருக்கிறது.

விண்வெளி ஓவியங்கள் எப்படி இதில் சேருகின்றன?

தோட்டத்தை எப்படிப் பார்த்தாரோ அதே கண்ணால் அவர் அப்பல்லோ பயணங்களையும் பார்த்தார். தொலைக்காட்சியில் நிலவுப் பயணங்களைத் தொடர்ந்து கவனித்து, 1969 முதல் ஒரு வரிசையே வரைந்தார். 'அந்திச் செக்கரில் பூமி போர்த்தியிருப்பதை ஸ்னூப்பி காண்கிறது' (1970) என்ற தலைப்பில் உள்ள ஸ்னூப்பி, 1969 மே மாதம் சென்ற அப்பல்லோ 10இன் நிலவுக் கலத்துக்கு இடப்பட்ட பெயர். 'கிரகணம்' (1970) ஓவியத்தில் கருநீல வட்டு நடுவில் இல்லாமல் ஒருபுறமாக ஒதுங்கி நிற்க, அதைச் சுற்றிய வண்ண வளையங்கள் கான்வாஸின் ஓரங்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. 1971 இறுதியில் மரினர் 9 விண்கலம் செவ்வாயை அடைந்தபோது அக்கோள் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் 'செவ்வாய்ப் புழுதி'யை வரைந்தார்.

இவற்றில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது 'விண்மீன் இரவும் விண்வெளி வீரர்களும்' (1972) என்ற ஓவியத்தில். ஐந்தடி உயரக் கான்வாஸ் ஏறத்தாழ முழுவதும் நீலம்: கருநீலம், வான்நீலம், பச்சை கலந்த நீலம் என்று செங்குத்துத் தீற்றல்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. மேலே வலப்பக்கம் மட்டும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளில் ஒரு சிறு கூட்டம். விண்கலத்துக்கு அவர் கொடுத்த இடம் அவ்வளவுதான். மீதி முழுவதும் வெளி. மனிதர்கள் போய்ச் சேர்ந்த இடத்தைவிட, அவர்களைச் சுற்றியிருந்த பெருவெளியே அவரை ஈர்த்தது என்பதை அந்த விகிதமே சொல்லிவிடுகிறது. ஆளே விமானம் ஏறாத காலத்தில், குதிரை வண்டிகள் ஓடிய ஊரில் பிறந்த ஒருவர் இதை வரைந்தார் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவருடைய கல்விப் பின்னணி என்ன?

ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நான்கு பெண் மக்களில் மூத்தவராகப் பிறந்தார். தந்தை வணிகர், தாய் ஆடை வடிவமைப்பதிலும் தைப்பதிலும் வல்லவர். அந்த ஊரில் கறுப்பின மாணவர்கள் உயர்நிலைக் கல்வி பெற வழியில்லை. 1906இல் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள்மீது நடந்த வன்முறையும் அச்சத்தை விதைத்திருந்தது. 1907இல் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து, 15ஆம் தெரு வீட்டில் குடியேறியது. இறுதிவரை அவர் வாழ்ந்தது அந்த வீட்டில்தான்.

ஆம்ஸ்ட்ராங் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் முதன்முதலாகக் கலை வகுப்புக்குள் நுழைந்தார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற ஆசையும் அப்போது இருந்தது. பெண்ணுக்கு, அதிலும் கறுப்பினப் பெண்ணுக்கு, அந்தக் கதவு திறக்கும் காலமல்ல அது. மைனர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் மழலையர் கல்விக்கான தகுதியை 1913இல் பெற்று, சில ஆண்டுகள் மேரிலாண்டிலும் டெலவேரிலும் கற்பித்தார். 1921இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மனையியல் படிக்கச் சேர்ந்தவரை, அங்கே புதிதாகக் கலைத்துறையை உருவாக்கிய ஜேம்ஸ் ஹெரிங் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார். 1924இல் அத்துறையின் முதல் பட்டதாரியாக அவர் வெளியே வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1934இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கயிற்றில் ஆட்டும் பொம்மலாட்டமே அதற்கான ஆய்வுப் பொருள். அடுத்த ஆண்டு புகழ்பெற்ற பொம்மலாட்டக் கலைஞர் டோனி சார்கிடம் நேரடியாகப் பயின்றார்.

1950 முதல் பத்தாண்டுகள், பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையிலும் வார இறுதியிலும் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஓவிய மாணவியாக அமர்ந்திருந்தார். ஜோ சம்மர்ஃபோர்ட், ராபர்ட் கேட்ஸ், ஜேக்கப் கைனன் ஆகியோர் அங்கே அவருக்குக் கற்பித்தனர். அறுபதை நெருங்கும் ஆசிரியை ஒருவர், தம்மைவிட இளையவர்களிடம் பாடம் கேட்ட ஆண்டுகள் அவை.

பள்ளியில் அவர் என்ன செய்தார்?

ஷா ஜூனியர் உயர்நிலைப் பள்ளியில் 1924 முதல் 1960 வரை பணியாற்றினார். இனப்பிரிவினை சட்டப்படி நடைமுறையில் இருந்த நகரம் அது. கறுப்பினச் சிறுவர்களுக்குப் பல அரங்குகளின் கதவு மூடியே இருந்தது. அவர் பொம்மைகள் செய்து, உடை தைத்து, மாணவர்களோடு சேர்ந்து பொம்மலாட்டம் நடத்தினார். மாணவர்களிடையே கலை ரசனையை வளர்க்க 1936இல் ஒரு பள்ளிக் கலைக் கழகத்தைத் தொடங்கினார். 1938இல், ஹோவர்ட் பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்திலிருந்து கறுப்பின ஓவியர்களின் படைப்புகளைக் கேட்டு வாங்கி, வாஷிங்டன் அரசுப் பள்ளிகளிலேயே முதல் கலைக் காட்சிக்கூடத்தை அமைத்தார். அவர் கற்பித்த பிள்ளைகள் தம்மைப் போன்றவர்கள் தீட்டிய அசல் ஓவியத்துக்கு முன்னால் நிற்க முடிந்தது. இது எந்தப் பாடநூலாலும் தர முடியாத ஒன்று.

பள்ளிக்கு வெளியே, 1943இல் ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் தொடங்கிய பார்னெட்-ஏடன் காட்சிக்கூடத்தின் துணைத் தலைவராக இருந்தார். கறுப்பின உரிமையாளர்கள் நடத்திய அந்தக் கூடத்தில் எல்லா இனத்து ஓவியர்களின் படைப்புகளும் ஒரே சுவரில் தொங்கின.

ஆசிரியப் பணி அவருடைய ஓவிய வாழ்வைத் தாமதப்படுத்திவிட்டதல்லவா?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகும்: ஒரு பெண்மணி வாழ்நாள் முழுவதும் பள்ளியில் காத்திருந்தார், ஓய்வு பெற்றதும் உண்மையான ஓவியரானார். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அவர் வரைந்தவற்றோடு ஒத்துப்போகவில்லை.

நேரம் பறிபோனது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. முழுநேரப் பணியும் மாலை வகுப்பும் போக மிஞ்சிய பொழுதில் ஒருவரால் எவ்வளவு வரைய முடியும்? அவரே ஓவியத்துக்கு முழுமையாகத் தம்மைக் கொடுக்க முடிந்தது ஓய்வுக்குப் பிறகுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் காத்திருப்பு என்று நினைக்கப்படும் அந்த ஆண்டுகளில்தான் அவருடைய கை பழகியது. பொம்மை செய்வதும் காகிதம் வெட்டி ஒட்டுவதும் மேடைக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதும், தனித்தனித் துண்டுகளிலிருந்து ஒரு முழுமையைக் கட்டும் பயிற்சி. அவருடைய முதிர்ந்த ஓவியங்கள் கட்டப்பட்ட விதமும் அதுவே. ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொரு நிறத்தை வைத்தால் இரண்டும் எப்படி மாறுகின்றன என்பதைப் பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் விளக்கிய ஒருவர், அந்தப் பாடத்தைத் தம் விரல்களிலும் ஏற்றிக்கொண்டிருக்க மாட்டாரா? மேலும், ஓவியத்தை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடியைப் பள்ளிச் சம்பளமும் பிறகு ஓய்வூதியமும் அவரிடமிருந்து விலக்கின. சந்தை எதிர்பார்த்ததை அவர் வரையவேண்டியிருக்கவில்லை. அந்தப் பணியை அவருடைய ஓவியத்துக்கு எதிரானதாகக் காட்டுவது, கற்பித்தலைக் கலையைவிடத் தாழ்ந்ததாக எண்ணும் பழக்கத்திலிருந்தே வருகிறது.

வாஷிங்டன் வண்ண ஓவியர் குழுவில் அவரும் ஒருவரா?

அக்குழுவின் ஓவியர்களான மாரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட், ஜீன் டேவிஸ் முதலியோரோடு சேர்த்து அவர் பெயர் சொல்லப்படுவது வழக்கம். வண்ணமே பொருள் என்ற நம்பிக்கை பொதுவானது. ஆனால் லூயிஸ் நீர்த்த வண்ணத்தைத் துணியில் ஊறவைத்துக் கைத்தடத்தை மறைத்தார். தாமஸ் ஒவ்வொரு தீற்றலிலும் தம் கையைக் காட்டினார். அண்டை வீட்டு உறவு என்று கொள்ளலாம், ஒரே குடும்பம் என்று கொள்ள வேண்டியதில்லை.

இனஒடுக்குமுறையை அனுபவித்தவர் அதை ஏன் வரையவில்லை?

ஒருமுறை வரைந்தார். கறுப்பின மக்களின் உரிமை கோரி 1963 ஆகஸ்டில் நடந்த வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டு, பதாகைகளும் தலைகளும் திரண்ட கூட்டத்தை ஓவியமாக்கினார். அதன் பிறகு அப்பொருளுக்கு அவர் திரும்பவில்லை. மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையில் அல்லாமல் அழகிலும் மகிழ்ச்சியிலும் தம் கவனத்தை வண்ணத்தின் வழியே குவிக்க முயன்றதாக 1970இல் கூறினார். கறுப்பினக் கலை போராட்டத்தைப் பேச வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலத்தில் இது எளிதான நிலைப்பாடல்ல. கறுப்பினப் பெண் ஒருவர் எதை வரைய வேண்டும் என்று மற்றவர்கள் வகுத்த எல்லைக்குள் நிற்க மறுத்ததும் உரிமைக் கோரலே என்று நான் கருதுகிறேன்.

விட்னி கண்காட்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1972இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர், வயது 80. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்கள் அருங்காட்சியகங்களின் வாயிலில் நடத்திய போராட்டங்களே இத்தகைய கண்காட்சிகளுக்கு வழி திறந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுவயதில் தம் ஊரில் அருங்காட்சியகத்துக்குள் நுழையவே முடியாது, அங்கே படம் மாட்டுவதை நினைத்தும் பார்க்க முடியாது என்பதை அப்போது அவர் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு வாஷிங்டனின் கார்கரன் காட்சிக்கூடமும் அவருடைய பின்னோக்குக் கண்காட்சியை நடத்தியது.

மட்டீஸின் படைப்பை அவர் நகலெடுத்தார் என்ற குற்றச்சாட்டு பற்றி?

'வட்டுசி' (1963) என்ற ஓவியம், பிரெஞ்சு ஓவியர் மட்டீஸ் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி உருவாக்கிய 'நத்தை'யை அடிப்படையாகக் கொண்டது. அமைப்பைத் திருப்பி, நிறங்களை மாற்றியிருக்கிறார். 2009இல் அது வெள்ளை மாளிகைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது சிலர் இதைக் குறையாகப் பேசினர். முன்னோடியின் படைப்பை எடுத்து மாற்றிப் பார்ப்பது ஓவியப் பள்ளிகளில் காலங்காலமாக நடக்கும் பயிற்சி. பயிற்சியாகவே அதைக் காண்பது நியாயம். 2015இல் 'உயிர்த்தெழுதல்' வெள்ளை மாளிகையின் பழைய குடும்ப உணவறையில் மாட்டப்பட்டது. அம்மாளிகையின் நிரந்தரத் தொகுப்பில் இடம்பெற்ற, கறுப்பினப் பெண் ஒருவரின் முதல் படைப்பு அது.

அவருடைய ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில்தான் பொதுத் தொகுப்புகளிலேயே மிகுதியானவை உள்ளன. நுழைவுக் கட்டணம் கிடையாது. 'கிரகணம்', 'சிவப்பு அசேலியாக்கள்' இரண்டும் அங்கே. 'விண்மீன் இரவும் விண்வெளி வீரர்களும்' சிகாகோ கலைக் கழகத்திலும், 'செவ்வாய்ப் புழுதி' விட்னியிலும், 'தென்றல்' ஓவியம் வாஷிங்டனின் பிலிப்ஸ் தொகுப்பிலும் இருக்கின்றன. பிறந்த ஊரான கொலம்பஸின் அருங்காட்சியகம் அவருடைய மாணவப் பருவ வேலைகளையும் தனிப்பட்ட ஆவணங்களையும் பாதுகாக்கிறது. எல்லாப் படைப்புகளும் எந்நேரமும் சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், போவதற்கு முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. திரையில் மட்டுமே பார்க்க முடிந்தவர்கள் 'கிரகண'த்தைத் திறந்து, கருநீல வட்டின் விளிம்பில் படத்தை முடிந்தவரை பெரிதாக்கி, அங்கிருந்து ஒவ்வொரு வளையமாக வெளியே வாருங்கள். இடைவெளிகளின் அளவு எங்கெங்கே மாறுகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தால் போதும்.